பலகையின் இந்தப் பக்கம்

என் கணவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்காத ஆள் இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அதைத்தான் கேட்டார்கள். "பிள்ளையைப் பாத்துக்கோன்னு சொன்னார்" என்று முதலில் வந்தவரிடம் வாயில் வந்ததைச் சொன்னேன். ஒருவரிடம் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் மாற்ற முடியுமா? எல்லாரிடமும் அதையே சொன்னேன். வெளியூரிலிருந்து ஓடிவந்த மகளிடமும் அதையே சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். ஆனால் அது பொய்.

அவர் கடைசியாகச் சொன்னது, "ழ சரி." அவ்வளவுதான்.

அவர் எழுத்து செய்கிறவர். பெயின்ட் டப்பாவும் ஏணியுமாகப் போய் கடைப் பலகை எழுதுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். என் அப்பா அப்படித்தான் நினைத்து, பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு மாதம் இழுத்தடித்தார். இவர் வேலை கம்ப்யூட்டரில் எழுத்துரு வடிவமைப்பது. அதிலும் கதைப் புத்தகத்துக்கோ அழைப்பிதழுக்கோ செய்ய மாட்டார். மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளில் அடிக்கிற பொடி எழுத்து, பஸ்ஸின் நெற்றியில் விளக்குப் புள்ளிகளாக ஓடுகிற எழுத்து, மின்சார மீட்டரின் கண்ணாடிக்குள் தெரிகிற எழுத்து, இப்படித்தான் தேடிப்பிடித்துச் செய்வார். "ஆசைப்பட்டு யாரும் படிக்கமாட்டாங்க, ஆனா படிச்சே ஆகணும். அதான் என் எழுத்து" என்பார். காலாவதியான மாத்திரையை யாராவது தெரியாமல் விழுங்கிவிட்டதாகச் செய்தியில் வந்தால் இரண்டு நாள் சாப்பாடு இறங்காது அவருக்கு. அந்த மருந்துக்கும் இவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது என்றாலும் இறங்காது.

அவரோடு வேலை செய்கிறவனுக்கு மில்லிமீட்டர் என்று பெயர் வைத்திருந்தார். நாற்பது வயது ஆசாமி, மீசையைக்கூட அளந்து வெட்டுகிறவன். ஒருமுறை அவன் புதிதாகச் செய்த எழுத்தை வீட்டில் காட்டிவிட்டு வந்து, "அம்மாவுக்கு நல்லாத் தெரியுதுண்ணே" என்று பெருமையாகச் சொன்னான். இவர் பென்சிலைக் கீழே வைத்தார். "அப்ப மருந்துக் கம்பெனிக்கு போன் போட்டு, இனிமே உங்க அம்மாவுக்கு மட்டும் மாத்திரை வித்தாப் போதும்னு சொல்லிடு. ஒரு ஆளுக்குத் தெரிஞ்சா அது எழுத்தே இல்லடா" என்றார். பாவம், அவன் முகம் செத்துப்போயிற்று. நான்தான் டீ கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். வீட்டிலும் எனக்கு அதுதான் பெயர். கோபம் என்றாலும் கொஞ்சல் என்றாலும் "டீச்சர்" தான்.

நோய் முதலில் அவர் வலது கைக்கு வந்தது. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்றார். நரம்பு வேலை செய்யாததால் தசைகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிடும் நோய் என்றார் டாக்டர். அறிவுக்கு ஒன்றும் ஆகாது, கண்ணுக்கும் ஆகாது, மற்ற எல்லாவற்றுக்கும் ஆகும். மவுஸை இடது கைக்கு மாற்றினார். பிறகு கால் போயிற்று. பிறகு நாக்கு கனக்க ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் ஒருத்தி, எங்கள் மகள் வயதுதான் இருக்கும், வீட்டுக்கு ஒரு பலகை கொண்டுவந்தாள். கண்ணாடி போல ஊடே பார்க்கிற பிளாஸ்டிக் தகடு, ஒரு தட்டின் அகலம். மேலே உயிரெழுத்துப் பன்னிரண்டு, கீழே மெய்க்குப் பதினெட்டு. அதை நான் அவர் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவே பிடிக்க வேண்டும். அவர் ஒரு எழுத்தைப் பார்ப்பார். நான் தகட்டை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்து, அவர் கண்ணும் என் கண்ணும் ஒரே எழுத்தின் வழியாகச் சந்திக்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். அதுதான் அவர் சொல்ல வந்த எழுத்து. "மா" என்றால் முதலில் ம, அடுத்து ஆ. சரியாகப் படித்தால் அவர் ஒருமுறை இமைப்பார்.

"பேச்சு நின்னதுக்கு அப்புறம் இதுதான் சார் உங்க வாய்" என்றாள் அந்தப் பெண். அப்போது அவரால் கொஞ்சம் குழறிப் பேச முடிந்தது. தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யார் செஞ்ச எழுத்து இது?" என்றுதான் கேட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவருடைய புகார் நியாயமானதுதான். அவர் பக்கத்தில் நேராக இருக்கிற எழுத்து என் பக்கத்தில் இடம் வலம் மாறித் தெரியும். ப மட்டும் தப்பிக்கும். ஞ என்ன பாவம் செய்ததோ, அடையாளமே தெரியாது. "எனக்கு இது ஒரு விஷயமே இல்லீங்க, என் கிளாஸ்ல பாதிப் பேர் இப்படித்தான் எழுதுறான்" என்றேன். அவர் கேட்கவில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் படிக்கிற மாதிரி ஓர் எழுத்துரு செய்ய உட்கார்ந்துவிட்டார். சுழிகளை நடுவே கொண்டுவந்தார், வால்களைக் குட்டையாக்கினார். இடது கையில் இரண்டு விரல் மிச்சமிருந்தது, பிறகு ஒன்று. மில்லிமீட்டர் தினமும் வந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய் மற்ற நோயாளிகளின் வீட்டாரிடம் காட்டி, எங்கே தடுக்கிறது என்று கேட்டுவந்து சொன்னான். ஒரு வழியாகத் தகடு அச்சாகி வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு கட்டு போயிற்று, எங்கள் வீட்டுக்கு ஒன்று. அத்தோடு ஆளை விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

முதல் நாள் தகட்டை ஆசையாக எடுத்தேன். புதுத் தகட்டில் முதலில் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குள் ஒரு படபடப்பு. முப்பது வருஷ வாழ்க்கை, ஏதாவது சொல்வார் இல்லையா? எழுத்து எழுத்தாகக் கோத்தேன். "கண்ணாடி கழட்டு" என்று வந்தது.

என் மூக்குக்கண்ணாடியைச் சொன்னார். அதில் ஜன்னல் வெளிச்சம் பட்டு, என் கண்ணே அவருக்குத் தெரியவில்லையாம். கண் தெரியாவிட்டால் இந்தப் பேச்சே கிடையாது. கழற்றி வைத்தேன். ஆனால் என் கண்ணில் ஒரு கோளாறு உண்டு. கண்ணாடி இல்லாவிட்டால் நிமிர்ந்த கோடு சரியாகத் தெரியும், படுத்த கோடெல்லாம் கலங்கி இரண்டாகும். தலையைக் கொஞ்சம் சாய்த்து, நெற்றியைச் சுருக்கினால் ஓரளவு தேறும். "பரவால்ல, சமாளிச்சுக்கறேன்" என்றேன். அந்த வாரம் மில்லிமீட்டர் வந்திருந்தான். நான் டீ போட்டு எடுத்து வருவதற்குள் இருவரும் ஏதோ பேசி முடித்திருந்தார்கள். அவர் குழறலை அவன் ஒருவன்தான் பாதியாவது புரிந்துகொள்வான். அதற்குப் பிறகு சீக்கிரமே அந்தக் குழறலும் நின்றது.

அன்றிலிருந்து அவருக்கு வாய் நான் பிடிக்கிற தகடுதான். அந்த வாயால் என்ன பேசினார் தெரியுமா?

"பழம்" என்றார் ஒரு நாள். குழாய் வழியாக ஆகாரம் போகிற மனிதர், பழத்துக்கு ஆசைப்படுகிறார். "விழுங்க முடியாதேங்க, நாக்குல மட்டும் கொஞ்சம் தடவட்டுமா?" என்று கண்ணீரோடு ஓடிப்போய் ஒரு பழத்தை மசித்து எடுத்து வந்தேன். அவர் இமைக்கவேயில்லை. தகட்டையே பார்த்தார். எடுத்துப் பிடித்தேன். "மழை" என்றார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அடுத்து, "புழு."

அப்போதுதான் உறைத்தது. இது பேச்சு இல்லை, சோதனை. ஒரு எழுத்து எப்படி நிற்கிறது என்று பார்க்க, அது வருகிற சொற்களாக எழுதிப் பார்ப்பது இவர்கள் தொழிலில் வழக்கம். வீட்டுச் சுவரெல்லாம் அப்படிப்பட்ட தாள்களை ஒட்டிவைத்திருப்பார்: பழம் மழை புழு கிழமை கூழ். அதைத்தான் இப்போது கண்ணால் எழுதிக்கொண்டிருக்கிறார். மசித்த பழத்தை நானே தின்றேன், கோபத்தோடு.

சோதனை முடிந்தால் திருத்தம் வரும். "ழ நடுக்கோடு தடி", அதாவது தடிமனாக்கு. "ள கீழே திற." ஒரு திருத்தத்தைக் கோக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும், கையெல்லாம் கடுக்கும். அதை மில்லிமீட்டருக்குப் போனில் சொல்ல வேண்டும். அவன் சரிசெய்து, புதுத் தகடு அச்சடித்து, கொண்டுவந்து கொடுப்பான். மறுபடி முதலிலிருந்து பழம், மழை, புழு. ஊர் உலகத்தில் மனைவிமார் கணவனுக்குச் சோறு ஊட்டுவார்கள், மருந்து கொடுப்பார்கள். நான் எழுத்துப்பிழை இல்லாமல் எழுத்தாசாரிக்குக் கூலி வேலை பார்த்தேன்.

மூச்சு குறைய ஆரம்பித்தபோது டாக்டர் வீட்டுக்கே வந்தார். தொண்டையில் துளை போட்டு இயந்திரம் வைத்தால் இன்னும் சில வருஷம் ஓட்டலாம். வேண்டுமா என்று அவரையே கேட்டார். வேண்டும் என்றால் ஒருமுறை இமைக்கணும், வேண்டாம் என்றால் இரண்டுமுறை. அவர் யோசிக்கக்கூட இல்லை. இரண்டுமுறை இமைத்தார். என் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

டாக்டரை வாசல் வரை அனுப்பிவிட்டு வந்து தகட்டை எடுத்தேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? சரி, அது உங்க உடம்பு, உங்க இஷ்டம். நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா எனக்குன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. நல்லதோ கெட்டதோ, திட்டுறதா இருந்தாலும் சரி. நாளைக்கு நான் அதை வெச்சுக்கிட்டுத்தான் இருக்கணும்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்தேன்.

"ன குறுக்கு தடி."

தகட்டை அவர் மடியிலேயே போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். துலக்கின பாத்திரத்தையே மறுபடி துலக்கினேன். வாய்விட்டு அழுதேன், அவருக்குக் கேட்கட்டும் என்றே அழுதேன். சாகப்போகிற மனுஷனுக்குப் பெண்டாட்டி கண்ணில் படவில்லை, ன-வின் குறுக்குக் கோடு படுகிறது. இந்த எழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவருக்கு எதற்குக் கல்யாணம், எதற்குக் குடும்பம் என்று என்னென்னமோ சொன்னேன். திரும்பி வந்தபோது அவர் அறை வாசலையே பார்த்தபடி இருந்தார். கழுத்து ஆடாது, கண் மட்டும்தான். எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

தகட்டை எடுத்தேன். "டீச்சர்" என்றார்.

உள்ளுக்குள் உருகிப்போய், "சொல்லுங்க" என்றேன். அடுத்ததற்காகக் காத்தேன். "ண சுழி அடைக்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே மில்லிமீட்டருக்குப் போன் போட்டேன். வேறு என்ன செய்ய?

அதற்குப் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். அவருக்கு மூச்சு இருக்கிற வரை அவர் வேலையைப் பார்க்கட்டும், ஆஸ்பத்திரியில் நாலு பேருக்கு உபயோகமாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை. ஒவ்வொரு முறை தகட்டைத் தூக்கும்போதும், இந்தத் தடவையாவது என்று ஒரு நப்பாசை எட்டிப்பார்க்கும்.

கடைசித் தகட்டை மில்லிமீட்டர் காலையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். அவருக்கு அன்று முகமெல்லாம் வெளுத்திருந்தது. "அப்புறமாப் பாக்கலாம்" என்றேன். அவர் தகட்டின் மேலேயே கண்ணை வைத்திருந்தார், பிடிவாதக்காரர். தூக்கிப் பிடித்தேன். மழை என்றார், சட்டென்று படித்தேன். கிழமை, படித்தேன். கூழ், படித்தேன். எங்கேயும் நிற்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "ழ சரி" என்றார்.

நான் தகட்டை இறக்கவில்லை. அடுத்து ஏதாவது வரும் என்று கை கடுக்கப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார், களைத்துத் தூங்குகிறார் என்று நினைத்தேன். மத்தியானம் மூச்சு நின்றுவிட்டது.

எல்லாம் முடிந்து, மகளும் ஊருக்குப் போன பிறகு, பேச்சுப் பயிற்சிப் பெண் என்னைப் பார்க்க வந்தாள். அந்தத் தகடு மேஜை மேலேயே கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருந்தது. "இது அவரோட கடைசி வேலைம்மா. எவ்வளவோ திருத்தி வெச்சிருக்கார். யாருக்காவது குடு" என்று அவள் கையில் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கிப்போனாள்.

சில நாள் கழித்துத் திரும்ப வந்தாள். தகடு அவள் பையிலிருந்து எட்டிப்பார்த்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்று ஆரம்பித்தாள். "சார் முதல்ல செஞ்ச பலகை எங்க ஆஸ்பத்திரில எல்லாருக்கும் அருமையா ஓடுது. இது அதைவிட நல்லா இருக்கும்னு நெனச்சு ரெண்டு மூணு வீட்டுல குடுத்தேன். அவங்களால படிக்க முடியலை. படுத்த கோடெல்லாம் ரொம்பத் தடிச்சிருக்கு, ழ என்னவோ கோணிக்கிட்டு நிக்குது, அது என்ன எழுத்துன்னே தெரியலைங்கறாங்க." குரல் இறங்கிவிட்டது. "முடியாத நேரத்துல செஞ்சது இல்லையா. கண்ணு அசந்திருக்கும்."

அவள் தகட்டை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனதும் மில்லிமீட்டரைப் போனில் கூப்பிட்டேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அத்தனை நாள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் செய்த வேலை, அதுவும் தப்பாகப் போயிற்றா? அப்படியானால் அவருக்கு எதுதான் மிச்சம், எனக்கு எதுதான் மிச்சம்? "உங்க அண்ணன் கடைசியில கோட்டை விட்டுட்டாரா? நீ பக்கத்துல இருந்து என்னத்தைப் பாத்தே?" என்று கத்தினேன். அவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரில் வந்துவிட்டான். தகட்டைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

"அண்ணி, இதை ஏன் வெளில குடுத்தீங்க?"

"ஏன், ஆஸ்பத்திரிக்குச் செஞ்சது ஆஸ்பத்திரிக்குத்தானே போகணும்?"

"ஆஸ்பத்திரி வேலை எப்பவோ முடிஞ்சு போச்சே அண்ணி." அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "அண்ணனுக்குக் கொஞ்சம் பேச்சு இருந்தப்பவே சொல்லிட்டார். அதுல இனிமே கை வைக்காதே, அது எல்லாருக்கும். இனிமே நான் சொல்றதெல்லாம் அவளுக்கு, தனியா வெச்சுக்கோன்னார். கண்ணாடி இல்லாம அவ திணறுறா, பரவால்லன்னு பொய் சொல்றான்னார். நான்கூடக் கேட்டேன், 'ஒரு ஆளுக்குத் தெரிஞ்சா அது எழுத்தே இல்லைன்னு சொல்வீங்களேண்ணே'ன்னு. சிரிச்சார் அண்ணி. சத்தம் வராது, ஆனா சிரிச்சார். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். நீங்கதானே திருத்தம் எல்லாம் போன்ல சொன்னீங்க?"

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

என் பக்கத்திலிருந்து அந்த எழுத்துகள் எப்படித் தெரிகின்றன என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் இருந்தது மறுபக்கம். அவருக்குத் தெரிந்தது தகட்டுக்குப் பின்னால் என் முகம் ஒன்றுதான். எந்த எழுத்தில் நெற்றியைச் சுருக்குகிறேன், எதில் தலையைச் சாய்க்கிறேன் என்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பழம், மழை, புழு என்று என்னைப் படிக்கவைத்து, தடுக்குகிற இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாக நிரவியிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று நான் கெஞ்சிக்கொண்டு நின்றேனே, அன்று ன-வில் தடுக்கியிருப்பேன். பிடிவாதக்காரர். அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே? அடுக்களையில் நான் அப்படியெல்லாம் பேசாமலாவது இருந்திருப்பேன்.

மில்லிமீட்டர் போன பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தகட்டைத் தூக்கிப் பிடித்தேன். முப்பது எழுத்தும் பளிச்சென்று தெரிந்தன. ஊருக்கெல்லாம் கோணலாகத் தெரிகிற ழ எனக்கு நேராக நின்றது. அதற்குப் பின்னால் கட்டிலும், அதன் மேல் மடித்துவைத்த போர்வையும் இருந்தன. வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மகளுக்குப் போன் போட்டேன்.

"அப்பா கடைசியா சொன்னது உன்னைப் பாத்துக்கச் சொல்லி இல்லடி. நான் பொய் சொல்லிட்டேன்."

"அப்ப என்னதாம்மா சொன்னாரு?"

"ழ சரின்னார்."

"என்னது? ழ-வா? என்னம்மா அது, சாகும்போதும் எழுத்துதானா அவருக்கு?" அவள் குரல் உடைந்தது. "நமக்குன்னு ஒண்ணுமே சொல்லலையா?"

"உனக்கு இல்லடி, கோவிச்சுக்காதே" என்றேன். "அது எனக்குச் சொன்னது."